தகட்டைக் கழுவிய மகனுக்கு

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலைக்கு மூலை மஞ்சள் தடவியிருப்பதைப் பார்த்தேன், உன் பெயருக்குக் கீழே ‘பட்டறை உரிமையாளர்’ என்று அச்சடித்திருப்பதையும் பார்த்தேன். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், “அம்மா, நீங்க கட்டாயம் வரணும், முன்வரிசையில உக்காரணும், மாமா உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்படுறாரு” என்று எழுதியிருந்தாய். நீ இருக்கிற பத்து பெரெண்டாம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? இங்கே காஜா பேராங்கில் பஸ் ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் வந்துவிடும் இடம். இரண்டு வருஷமாக அந்தத் தூரத்தைத் தாண்ட உனக்குக் கால் வரவில்லை. இப்போது முன்வரிசையில் உட்கார வைக்க ஓர் அம்மா தேவைப்பட்டதும் தபால்காரரை அனுப்பியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். நீ ஊர் கூடி நிற்கும்போது பேசிய பேச்சுக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உன் மாமனாராகப் போகிறவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் சேர்த்துத்தான் விவரமாக எழுதுகிறேன். தெரிந்த கதையை ஏன் அம்மா முதலிலிருந்து சொல்கிறாள் என்று முகத்தைச் சுளிக்காதே. உனக்குத் தெரிந்த கதை ஒன்று, நீ வெளியில் சொல்லிவருகிற கதை வேறொன்று.

உன் அப்பா போன பிறகு பட்டறையை மூடிவிடச் சொல்லாதவர்கள் இல்லை. பொம்பளை லோரிப் பட்டறை நடத்துவதா என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். நான் மூடவில்லை. மாணிக்கம் இருந்தார் என்ற தைரியம்தான். காஜா பேராங்கிலேயே பிறந்து வளர்ந்த மலாக்கா செட்டி. சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். தமிழில் சாப்பாட்டுப் பெயர்களும் முறைப் பெயர்களும் தவிர அவருக்கு ஒன்றும் வராது. என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவார், மீதியெல்லாம் மலாயில். சிங்கப்பூரில் ராணுவப் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அடக்கமான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய் ஓயாத ஆள். வேலை நடக்கும்போதே பாட்டு, பாட்டுக்கு நடுவே யாரையாவது கிண்டல். தன்னைப் போல் கியர் பெட்டி திறக்க மலாக்காவில் ஆள் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். உன்னை ‘குட்டி முதலாளி’ என்று கூப்பிட்டுச் சீண்டுவார். உனக்கு அது பிடிக்காது. உன் முகம் கடுகடுவென்று ஆவதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை கூப்பிடுவார். அது எனக்கும் தெரியும். சீண்டியது தப்புதான். அதற்கு நீ திருப்பிச் சீண்டியிருக்கலாம்.

பிறகு அந்த லோரி வந்தது. மரக்கடைச் சீன முதலாளி, நம் தவுக்கே, ராணுவ ஏலத்தில் எடுத்த லோரி. ஓட்டுகிறவன் காலடியில் இரண்டே மிதி, பிரேக்கும், வேகத்துக்கு அழுத்துகிற எண்ணெய் மிதியும். கிளட்ச் மிதியே கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டி. நம் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ‘கிளட்ச் இல்லாத லோரி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நீயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாய். மாணிக்கம் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்கி உள்ளே காட்டினார். கிளட்ச் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தகடுகள், ஒன்று கரடுமுரடு, அடுத்தது வழவழப்பு, எல்லாம் எண்ணெயிலேயே முங்கிக் கிடந்தன. கரடுத் தகடுகள் தேய்ந்து வழுக்கைத் தலை போல ஆகியிருந்தன. தவுக்கே எங்கிருந்தோ புதுத் தகடுகள் வரவழைத்துக் கொடுத்தார். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் பாடாங் திடலுக்குக் கொண்டுபோக அந்த லோரியைத்தான் கேட்டிருந்தார்கள். அதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. மாணிக்கம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் பெட்டிக்கு ஊற்றும் அதே எண்ணெயை ஊற்றினார். புதுத் தகடுகளை ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்க அவர் அமிழ்த்தினார். “அக்கா, இனி தா போலே கெரிங்” என்றார். இது காயவே கூடாதாம். ராத்திரி முழுக்க ஊற வேண்டுமாம். காய்ந்த தகட்டைப் பூட்டினால் பாரம் ஏறிய முதல் மேட்டிலேயே கருகிவிடும் என்று உன் பக்கம் திரும்பிச் சொன்னார். “நாளைக்குக் கோயிலில் தோரணம் கட்டுகிற வேலை இருக்கிறது, மதியத்துக்குமேல் வருகிறேன், வந்து நானே பூட்டுகிறேன், குட்டி முதலாளி கையை வைக்க வேண்டாம்” என்றும் சொன்னார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாய். அப்போதே நான் உன்னைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நான் புக்கிட் ரம்பாயில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். நீ தனியாக இருந்தாய். தகடுகளை டின்னிலிருந்து எடுத்து, பெட்ரோலில் அலசி, தேய்த்துக் கழுவி, சாக்கு விரித்து வெயிலில் காயப் போட்டாய். மாணிக்கம் வருவதற்குள் பளபளவென்று பூட்டியும் முடித்தாய். இதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். உன் அப்பா சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். கிளட்ச் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வழுக்கும், எடு பெட்ரோலை, கழுவு என்பார். மற்ற லோரிகளுக்கெல்லாம் அது சரி. நம் பட்டறையில் எண்ணெய் பட்ட தகட்டைப் பூட்டினால் உன் அப்பா ஸ்பேனரால் மண்டையில் தட்டுவார். எண்ணெயில் மிதக்கும் தகட்டைப் பார்த்ததும் உன் கை தானாகப் பெட்ரோலைத் தேடியிருக்கும். நம் வீட்டுப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்தத் தப்பை உன் அப்பா கணக்கில் எழுதிவிடுகிறேன். மாணிக்கம் வந்து பார்த்தபோது பெட்டி மூடியிருந்தது. ஊறின தகட்டைத்தானே போட்டாய் என்று கேட்டாராம். ஆமாம் என்றாயாம். அங்கேதான் கணக்கு உன் பெயருக்கு மாறுகிறது.

கொண்டாட்டத்தன்று காலையில் லோரிக்கு மாவிலையும் கொடியும் கட்டி, நீதான் ஓட்டினாய். பின்னால் பெண்களோடு நானும் நின்றேன். கிரீம் தடவி வாரிய தலையோடு நீ கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே ஏறியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. புக்கிட் பாரு பக்கம் போய் இன்னும் ஆட்களை ஏற்றினோம். திரும்பும் வழியில் ஒரு மேட்டில் இன்ஜின் அலறியது, லோரி நகரவில்லை. பிறகு கருகிய நாற்றம். பிறகு லோரி பின்னாலே உருள ஆரம்பித்தது. பிரேக் அத்தனை பாரத்தைத் தாங்கவில்லை. பெண்கள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே ஒரு பக்கம் பெரிய வாய்க்கால், மறுபக்கம் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த சனங்கள். மாணிக்கம் பின்பலகையில் தொற்றிக்கொண்டு வந்தவர், சக்கரத்துக்கு வைக்கும் கட்டையோடு குதித்தார். முதல் தடவை கட்டை நழுவியது. இரண்டாம் தடவை கையாலேயே பிடித்து வைத்தார். லோரி நின்றது. அவர் வலது கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

எங்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சனங்கள் இறங்கி நடந்தே பாடாங்குக்குப் போனார்கள். ‘மெர்டேக்கா’ என்று ஊரே போட்ட சத்தத்தை நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கேட்டேன். என் முந்தானையெல்லாம் அவர் ரத்தம். அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மட்டும் மிச்சம். ஸ்பேனரைப் பிடிக்கலாம், திருகுவதற்கு வலு வராது.

வீட்டுக்கு வந்தால் கொடியில் அந்தச் சாக்கு தொங்குகிறது. அதில் தகடுகளின் அச்சு வட்டம் வட்டமாக, வரிசையாக. அதை அவிழ்த்து எடுத்து அடுக்களையில் உன் முன்னால் போட்டேன். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். “ஆமாம்மா, நான்தான் கழுவுனேன். எனக்குத் தெரியலம்மா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாய். நான் உன் தலையைத் தடவினேன். சோறு போட்டேன். “காலையில எந்திரிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போ, அவரு காலைப் புடி, எல்லாத்தையும் சொல்லு” என்றேன். தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அன்று தூங்கினேன்.

விடிந்ததும் நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தவுக்கே பட்டறைக்கு வந்தார். லோரியில் வந்த ஆண்கள் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பெட்டியைத் திறந்தால் தகடெல்லாம் கரி. யார் பூட்டியது என்று கேட்டார். நீ நிமிர்ந்து நின்று, “மாணிக்கம்” என்றாய். அவர் இதையெல்லாம் பார்த்ததே இல்லை, சும்மா வாய்ச்சவடால், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை என்று மலாயில் அளந்தாய். நான் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, பொய், இவன்தான் கழுவினான், சாக்கைக் கொண்டுவந்து காட்டவா என்று கத்தினேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தவுக்கேயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “மாக் சாயா தாவு ஆப்பா, தவுக்கே? டியா சூச்சி பாராங் சாஜா” என்றாய். என் அம்மாவுக்கு என்ன தெரியும், அவள் சாமான் கழுவுகிறவள்தானே. கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். தாய்க்கும் மகனுக்கும் ஏதோ சண்டை, அதுதான் அம்மா இப்படிப் பேசுகிறாள் என்று தவுக்கே கையை உதறிவிட்டுப் போனார்.

சாமான் கழுவுகிறவள்தான். உன் அப்பா இருந்த நாளிலிருந்து லோரிச் சாமான்களைக் கழுவ மண்ணெண்ணெயில் கையை விட்டு விட்டு என் விரல்நுனியில் ரேகையே தேய்ந்துபோயிற்று. அந்தக் கையால் பிசைந்த சோற்றைத்தான் நீ தின்றாய். எந்தத் தகட்டைக் கழுவ வேண்டும், எதைக் கழுவக் கூடாது என்று அன்று அந்த வாசலில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒருவருக்கும் தெரியாது. நீ என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு ஆங்காரம் எனக்கு வந்திருக்காது. இரண்டு வருஷமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், ஒரு நாள்கூட அது ஆறவில்லை.

உனக்கு இது புதுசும் இல்லை. சின்ன வயதில் கிரீஸ் டப்பாவைக் கிணற்றில் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுக் கோழி தள்ளியது என்றாய். நான் விளக்குமாற்றை எடுத்தேன். உன் அப்பா குறுக்கே விழுந்து, “பொடிப்பய எப்படி ஜோடிக்கிறான் பாரு” என்று உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சினார். கிணற்றுத் தண்ணீர் மாதக்கணக்கில் நாறியது. கோழி பாவம், அதற்குப் பேச வாயில்லை. மாணிக்கத்துக்கு வாய் இருக்கிறது. ஆனால் அவர் மயக்க மருந்தில் கிடந்த நேரம் பார்த்து நீ பேசிவிட்டாய்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என் மகன்தான் செய்தான், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார் என்று நினைக்காதே. உன் பெயரைச் சொல்லி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் ஏசினார். பிறகு சொன்னார்: “அக்கா, நீங்கள் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? உங்களை அங்கேயே சிரித்துவிட்டார்களே. சொன்ன வாய் வந்து திருப்பிச் சொல்லட்டும்.” அன்று சாயங்காலமே உன்னிடம் அதைச் சொன்னேன். நீ துணிமணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இப்போது அவர் மரக்கட்டைக் கிடங்கு ஒன்றில் வாசல் காவல் பார்க்கிறார். கை போனாலும் கண்ணும் காதும் போகவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர், மேற்பார்வைக்கு எந்தப் பட்டறையும் வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு லோரி சனத்தைக் கொல்லப் பார்த்த ஆள் என்று பெயர் ஆகிவிட்டது. அந்தப் பெயர் நீ வைத்தது. நானே நம் பட்டறைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார். என்னைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார், உங்கள் மகன் செத்துவிட்டானா என்று. இல்லை, இருக்கிறான் என்பேன். அப்படியானால் சரி, இன்னும் வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

கல்யாணப் பையனுக்குப் புத்திமதி சொல்லாத அம்மா உண்டா? நானும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் பெண்டாட்டி நாளைக்கு ஒரு சட்டியைக் கருக்கிவிட்டு, நான்தான் கருக்கினேன் என்று வந்து நின்றால் அவளைக் கையெடுத்துக் கும்பிடு, நம் வீட்டு ஆண்களுக்கு வராத குணம் அது. நாலு பேர் நடுவில் அவளைச் சிரிப்புப் பொருளாக ஆக்கி நீ தப்பிக்கப் பார்த்தாய் என்று என் காதுக்கு வந்தால், நீ கட்டிய தாலியை நானே வந்து கழற்றி அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். இவ்வளவுதான் என் புத்திமதி. மாமனாரிடமும் விபத்து மாணிக்கத்தால் நடந்தது என்றே சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பொய்யின் மேல்தான் அவர் உனக்குப் பட்டறை வைத்துக் கொடுத்திருக்கிறார். நீ பூட்டுகிற கிளட்சை நம்பி எத்தனை பேர் மேடு ஏறப்போகிறார்கள் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வருவேனா என்று கேட்கிறாய். அதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறாரே, அவர் தீர்மானிப்பார். ஆமாம், மாணிக்கம்தான். தபாலில் போட்டால் கிழித்துப் போடுவாய் என்றுதான் அவரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பினேன். நம் வாசலை மிதிக்காதவர், இதற்காக உன் வாசலை மிதிக்க ஒத்துக்கொண்டார். உறை ஒட்டாமல்தான் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தமிழ் படிக்க வராது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். என் மகன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான் என்றேன். அதற்காகத்தான் அவர் நிற்கிறார். உட்காரச் சொல்லு, காப்பி கொடு, கையைப் பார், நன்றாகப் பார். பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்று விடாமல் சொல். உன் மாமாவுக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும். நீ எதையாவது தாண்டிப் போனால் அவர் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

மாணிக்கம் திரும்பி வந்ததும் உன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். சொன்னான் என்று அவர் சொன்னால் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போடுவேன். இல்லை என்றால், அடுத்த முறை சந்தையில் அவர் கேட்கும் கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்வேன்.

எப்படிச் சொல்வது என்று திக்கித் திணற வேண்டாம். பொய்யை மலாயில்தானே சொன்னாய், உண்மையையும் மலாயிலேயே சொல். வார்த்தையும் உனக்குப் பழகின வார்த்தைதான். அவர் முகத்தைப் பார்த்து இப்படி ஆரம்பி: “சாயா யாங் சூச்சி.” கழுவியது நான்.

இப்படிக்கு,
சாமான் கழுவுகிறவள்